ஓர் எடைக்கல்லும் இரண்டு வகுப்பறைகளும்: பள்ளிகளுக்கிடையே டிஜிட்டல் பழம்பொருள் பரிமாற்றம், ஓர் எளிய விளக்கம்

வெவ்வேறு நாடுகளில் இரண்டு பள்ளிகள். இரண்டிலும் மாணவர்கள் தங்கள் ஊரில் புழங்கிய பழைய பொருள்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். படம் எடுக்கிறார்கள், அளக்கிறார்கள், விவரம் எழுதுகிறார்கள், இரு தரப்பும் பார்க்கக்கூடிய ஓர் இணையத் தொகுப்பில் ஏற்றுகிறார்கள். பிறகு ஒரு பள்ளி மற்றப் பள்ளியின் தொகுப்பைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. திட்டம் இவ்வளவுதான். இதில் கடைசி வேலையைத்தான் பலரும் ஒப்புக்குச் செய்கிறார்கள். என் கணக்கில் அதுதான் முதல் வேலை. மற்றவை எல்லாம் அதற்கான ஏற்பாடு.

பள்ளிகளுக்கிடையிலான பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? கொடி, உடை, நடனம், பண்டிகை வாழ்த்து. ஒவ்வொரு தரப்பும் விருந்தினருக்குக் காட்டும் முகத்தைக் காட்டும். எதிர்த்தரப்பு கைதட்டும். எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிந்திருக்காது. பொருள்கள் அப்படி நடிப்பதில்லை. தேய்ந்த கைப்பிடி, ஒட்டுப்போட்ட விளிம்பு, யாரோ கீறிவைத்த முதலெழுத்து என்று அதைப் பயன்படுத்தியவர்களின் தடயம் அதன்மேலேயே இருக்கிறது. ‘நாங்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று அறிமுகம் செய்துகொள்வதைவிட, ‘இந்தக் கைப்பிடி ஏன் இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது ஒரு ஊரைப் பற்றி அதிகம் தெரியவருகிறது.

பழம்பொருள் என்றதும் சிலை, பொற்காசு, அரண்மனை வாள் என்று மாணவர்களின் மனம் ஓடும். முதலில் அதைத் தடுத்தாக வேண்டும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளைப் பற்றி அறிஞர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். மாணவன் அதை நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பரணிலும் பட்டறையிலும் கிடக்கும் பூட்டு, தையல் இயந்திரம், அளவுகோல், தபால் முத்திரை, விளையாட்டுச் சாமான் ஆகியவைதான் இந்தத் திட்டத்துக்கு ஏற்றவை. தேர்வுக்கு நான் ஒரே ஒரு விதியைத்தான் சொல்வேன்: அந்தப் பொருளைக் கையாண்ட ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும், அவரிடம் போய்க் கேட்க முடிய வேண்டும். மண்ணுக்கடியில் கிடைத்தவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பல நாடுகளில் அத்தகைய கண்டெடுப்புகளை அரசிடம் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். வகுப்புத் திட்டத்துக்காகச் சிறுவர்கள் மேடுகளைத் தோண்டக் கிளம்பினால் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு முழுப் பாதையையும் பார்ப்போம். ஒரு மாணவி வீட்டில் கிடந்த ஒரு கிலோ இரும்பு எடைக்கல்லைக் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுதும் முதல் விவரம் அநேகமாக இப்படி இருக்கும்: ‘இது எடைக்கல். பொருள்களை எடை போடப் பயன்படும். மிகவும் பழமையானது.’ மூன்று வாக்கியங்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் இதைப் படிக்கும் எதிர்ப்பள்ளி மாணவனுக்குப் படத்தில் தெரியாத எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தக் கல்லைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு எடைக்கல் பலவற்றின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில், இரும்பைவிட மென்மையான ஏதோ ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். அது ஈயம். அதன்மேல் சிறு முத்திரைகள் குத்தியிருக்கும். படம் பார்த்த எதிர்ப்பள்ளியிலிருந்து கேள்வி வருகிறது: அடியில் ஏன் ஓட்டை போட்டார்கள், போட்டதை ஏன் அடைத்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போகும் மாணவி அளவியலுக்குள் நுழைந்துவிடுகிறாள். இரும்பை உருக்கி அச்சில் வார்த்தால் எடை துல்லியமாக வராது. சற்றுக் கூடும் அல்லது குறையும். அதனால் வேண்டுமென்றே குழியோடு வார்த்து, குறைகிற எடையை ஈயம் ஊற்றிச் சரிக்கட்டுவார்கள். ஈயம் மென்மையானது என்பதால் சோதித்த அதிகாரி அதன்மேலேயே முத்திரை குத்த முடியும். பிறகு யாராவது ஈயத்தைச் சுரண்டி எடுத்தால் முத்திரையும் சிதையும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதோடு முடியவில்லை. கல் புழங்கப் புழங்கத் தேயும். தேய்ந்த கல் வாங்குபவரின் வயிற்றில் அடிக்கும். எனவே குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி சோதித்து மறுபடி முத்திரை குத்த வேண்டும். அடிப்பக்கத்தில் ஒன்றுக்குமேல் முத்திரைகள் இருந்தால் அது எத்தனை முறை சோதனைக்குப் போய்வந்தது என்பதன் பதிவேடே அங்கே இருக்கிறது.

இதைப் படித்த எதிர்ப்பள்ளி மாணவர்கள் தங்கள் தொகுப்பில் இருக்கும் பித்தளை எடைக்கல்லை எடுத்துப் பார்க்கிறார்கள். அதன் அடியில் குழி இல்லை. தலையில் ஒரு குமிழ். சில வகைகளில் அந்தக் குமிழைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு அறை இருக்கும். எடையைச் சரிசெய்யும் ஈயக் குண்டுகளை அதற்குள் போடுவார்கள். உலோகம் வேறு, வடிவம் வேறு. ஆனால் முன்பின் அறியாத இருவர் ஒரு தராசின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் நம்புவது எப்படி என்ற சிக்கல் இரு ஊருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. இந்த இடத்துக்கு வந்து சேர்வதைத்தான் பரிமாற்றம் என்கிறேன். இரு பள்ளிகளின் படங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவைத்தால் மட்டும் இது நடந்துவிடாது. (ஈயத்தைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள்.)

மூன்று வாக்கிய விவரத்தை நல்ல விவரமாக வளர்க்க ஒரு கருவி தயாராகவே இருக்கிறது. 1990களில் அமெரிக்காவின் கெட்டி கலை நிறுவனம் முன்னின்று உருவாக்கிய ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற பன்னாட்டுத் தரநிலை அது. திருடுபோன கலைப்பொருளை அடையாளம் கண்டு மீட்க வேண்டுமானால் அதைப் பற்றி என்னென்ன எழுதிவைத்திருக்க வேண்டும் என்று காவல் துறையினர், அருங்காட்சியகத்தார், காப்பீட்டுத் துறையினர் ஆகியோரைக் கேட்டு வகுத்தார்கள். படம் எடுத்த பிறகு பதில் எழுத வேண்டிய ஒன்பது கேள்விகள்: என்ன வகைப் பொருள், எதனால் எப்படிச் செய்யப்பட்டது, அளவும் எடையும் என்ன, எழுத்தோ குறியோ முத்திரையோ உண்டா, மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் விரிசல், பழுது போன்றவை என்ன, தலைப்பு உண்டா, எதைச் சித்திரிக்கிறது, எந்தக் காலம், செய்தவர் யார். கடைசியாக ஒரு சிறு விவரிப்பு. திருடனைப் பிடிக்கச் செய்த படிவம் பள்ளி மாணவனுக்கு இவ்வளவு பொருந்துவதில் வியப்பில்லை. ‘தனித்துவமான அடையாளங்கள்’ என்ற கேள்வி வந்துவிட்டால் பொருளைக் கவிழ்த்துப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

பள்ளிப் படிவத்தில் நான் இதோடு இரண்டு கேள்விகளைச் சேர்ப்பேன்: இதை யார் எப்படிப் பயன்படுத்தினார், இந்தச் செய்தியை உனக்குச் சொன்னவர் யார். இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. ‘பாட்டி சொன்னார்’, ‘நூலகத்தில் படித்தேன்’, ‘நானே ஊகித்தேன்’ ஆகிய மூன்றும் வெவ்வேறு தரம் கொண்ட சான்றுகள். அவற்றைப் பிரித்தெழுதப் பழகிய மாணவன் பாதி வரலாற்றாசிரியன் ஆகிவிட்டான். ‘தெரியவில்லை’ என்று எழுதவும் பழக்க வேண்டும். செய்தவர் பெயர் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘அறியப்படவில்லை’ என்று எழுதினால், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பது படிப்பவருக்குப் புரியும்.

படம் எடுப்பதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, செல்பேசி போதும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம், சுருக்கமில்லாத ஒரே நிறத் துணி, அசையாத பிடிமானம். ஃபிளாஷைப் போடாதீர்கள், உலோகத்தில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டுதான் விழும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படமாவது எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மோதிரமா வளையமா என்றே எதிர்த்தரப்புக்குத் தெரியாது. முன், பின், பக்கங்கள், அடி, உள்ளே, குறிகளின் நெருக்கப் படம் என்று எல்லாப் பக்கமும் வேண்டும். தாள், துணி போன்ற தட்டையானவற்றுக்கு ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். நொறுங்கும் நிலையில் இருந்தால் கேமராவே பத்திரம்.

முப்பரிமாண வடிவம் மாணவர்களை இழுக்கும். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி, அடுத்தடுத்த படங்களில் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று வருமாறு பல பத்துப் படங்கள் எடுத்தால், அவற்றுக்கிடையே பொதுவான புள்ளிகளைக் கண்டுபிடித்து மென்பொருள் உருவத்தைக் கட்டியெழுப்பும். இதற்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர். சொரசொரப்பான மரமும் மண்ணும் அருமையாக வரும். கண்ணாடியும் மெருகேற்றிய உலோகமும் சொதப்பும், ஏனென்றால் அவற்றில் தெரியும் பிரதிபலிப்பு கேமரா நகர நகர இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வகுப்புக்கு ஓரிரு பொருளை இப்படிச் செய்தால் போதும். முப்பரிமாண மோகம் வந்துவிட்டால் விவரம் எழுத நேரம் இருக்காது.

அடுத்து, தொகுப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படங்களை ஒரு கோப்புறையில் கொட்டிவைத்தால் தொகுப்பு ஆகாது. தேட முடிய வேண்டும், ஒப்பிட முடிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு பொருளைப் பற்றியும் ஒரே ஒழுங்கில் எழுதப்பட்ட தகவல் தேவை. இதை மீத்தரவு என்கிறார்கள். உலகெங்கும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பயன்படுத்தும் ‘டப்ளின் கோர்’ என்ற மீத்தரவு முறை, 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த ஒரு கூட்டத்திலிருந்து பிறந்தது. தலைப்பு, படைத்தவர், பொருண்மை, விவரிப்பு, காலம், வகை, அடையாள எண், மொழி, உரிமை என்று அதன் அடிப்படைக் கூறுகள் பதினைந்து. பள்ளிக்கு ஏழெட்டுப் போதும். ஒரு விரிதாளில் வரிக்கு ஒரு பொருள், நிரலுக்கு ஒரு கூறு. அவ்வளவு எளிமையாகத் தொடங்கலாம். பின்னால் வசதி வந்தால், அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒமேகா (Omeka) போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு அந்த விரிதாளை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் டப்ளின் கோர் முறையைத்தான் பின்பற்றுகிறது.

இரண்டு பள்ளிகளும் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கோப்பின் பெயரில் அந்த எண் இருக்க வேண்டும். வகைப்பெயர்களுக்கு ஒரு பொதுப்பட்டியல். ஒருவர் ‘கருவி’ என்றும் இன்னொருவர் ‘உபகரணம்’ என்றும் மூன்றாமவர் ‘வீட்டுச் சாமான்’ என்றும் எழுதிவைத்தால் தேடும்போது மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். காலத்தை எழுதும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மிகப் பழையது’ என்பதை எந்தக் கணினியாலும் வரிசைப்படுத்த முடியாது. ‘ஏறத்தாழ 1950–1970’ என்றால் முடியும்.

உரிமை விஷயத்தில் ஆசிரியர்கள் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பொருளின் உடைமை ஒருவருடையது. அதைப் பிடித்த படத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் படம் எடுத்தவருடையது, அதாவது மாணவருடையது. எனவே பொருளின் சொந்தக்காரரிடம் ஓர் இசைவு, மாணவரிடமும் பெற்றோரிடமும் ஓர் இசைவு என இரண்டும் எழுத்தில் வேண்டும். பிறர் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஆயத்தப் பொது உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்து குறிப்பிட்டுவிடலாம். பெரிய அருங்காட்சியகங்களே இந்த வழிக்கு வந்துவிட்டன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன் தொகுப்பில் பதிப்புரிமை இல்லாத பொருள்களின் 3,75,000க்கும் மேற்பட்ட படங்களைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது; 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 28 லட்சம் படங்களோடு பின்தொடர்ந்தது. 2008இல் தொடங்கிய யூரோப்பியானா தளத்தில் ஐரோப்பாவின் பல நாட்டுத் தொகுப்புகளை ஒரே இடத்தில் தேடலாம். இவை உங்கள் மாணவர்களுக்கு ஒப்பீட்டுச் சுரங்கம். உங்கள் எடைக்கல்லை ஏற்றியபின் அங்கே போய் எடைக்கற்களைத் தேடச் சொல்லுங்கள். தேடுவதற்கு முன் சொல்லாதீர்கள். அங்கிருக்கும் விவரத்தை அப்படியே படியெடுத்துவிடுவார்கள்.

தனியுரிமையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பொறி உண்டு. செல்பேசியில் இடமறியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். விலைமதிப்புள்ள ஒரு பொருளின் படத்தோடு அது இருக்கும் வீட்டின் முகவரியையும் ஊருக்கெல்லாம் அறிவித்தது போலாகிவிடும். ஏற்றும் முன் அந்தத் தகவலை நீக்க வேண்டும். சொந்தக்காரரின் முழுப்பெயரும் வேண்டாம். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களையும் தவிர்த்துவிடலாம். கைகள் மட்டும் தெரிந்தால் போதும்.

எல்லாப் பொருளும் எல்லார் கண்ணுக்கும் உரியதில்லை என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். சடங்குக்குரியவை, இறந்தோரோடு தொடர்புடையவை, குறிப்பிட்ட குழுவினர் மட்டுமே காண வேண்டியவை என்று பல சமூகங்களில் வரையறை உண்டு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கைச் சேர்ந்த வருமுங்கு பழங்குடி மக்களோடு இணைந்து உருவாக்கத் தொடங்கிய ‘முகுர்ட்டு’ என்ற மென்பொருள் இந்த வரையறைகளையே அடித்தளமாகக் கொண்டது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கும். தொகுப்பு அதற்குக் கட்டுப்படும். ‘இணையம் என்றாலே எல்லாம் எல்லாருக்கும்’ என்று நம்பி வளரும் தலைமுறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. பள்ளிக்கான நடைமுறை எளிது: சந்தேகம் வந்தால் பொருளின் சொந்தக்காரரைக் கேளுங்கள், அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பொருளின் பயணக் கதையும் இங்கே சேர்கிறது. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரண்மனையிலிருந்து 1897இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்துச் சென்ற கலைப்பொருள்கள் உலகெங்கும் சிதறிப்போயின. 2022 நவம்பரில் வெளியானபோதே ‘டிஜிட்டல் பெனின்’ தளம் 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் தகவலை ஒரே இடத்தில் கோத்திருந்தது. அந்த மக்களின் எடோ மொழியிலேயே பொருள்களின் பெயர்களும் அங்கே உண்டு. பொருள்களில் பெரும்பாலானவை திரும்பிவிடவில்லை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலாவது பொதுவில் வந்துவிட்டது. மேல்வகுப்பு மாணவர்கள் என்றால் இந்த எடுத்துக்காட்டை வைத்து, ‘இது உன் கைக்கு எப்படி வந்தது’ என்ற கேள்வியைத் தங்கள் பொருள்களிடமும் கேட்கச் செய்யலாம்.

இனிக் கேள்விப் பரிமாற்றம். இதைச் சுற்றுகளாக நடத்தினால் சூடு பிடிக்கும். முதல் சுற்றில் படம் மட்டும், விவரம் கிடையாது. எதிர்ப்பள்ளி ஊகிக்க வேண்டும். தவறான ஊகங்கள்தான் இங்கே தங்கம், ஏனென்றால் அவை ஊகிப்பவரின் ஊரைக் காட்டிக்கொடுக்கும். தங்களிடம் எது இருக்கிறதோ அதைத்தானே அடுத்தவர் பொருளில் பார்ப்பார்கள். இரண்டாம் சுற்றில் விவரம் போகும். மூன்றாவதில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதுவது கேள்வி ஆகாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நான்காவதில் பதில், அதோடு திருத்திய விவரம். பழைய விவரத்தை அழிக்காமல் புதியதை அருகிலேயே வையுங்கள். ஒரு கேள்வி எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நேரலைக் காணொளிச் சந்திப்பு எல்லாருக்கும் பிடித்தது, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நேர வேறுபாடு, இணைப்புத் தடங்கல், கூச்சம் எல்லாம் சேர்ந்து கையசைப்பதிலேயே முக்கால்வாசி நேரம் போய்விடும். எழுத்தில் நடக்கும் பரிமாற்றத்தில் மாணவருக்குத் தேடவும் யோசிக்கவும் அவகாசம் கிடைக்கிறது. சந்திப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பேச விஷயம் சேர்ந்திருக்கும். இணைப்பள்ளியைத் தேடுவதற்குச் சில நாடுகளில் அமைப்புகளே உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2005இல் தொடங்கிய ஈட்வின்னிங் அவற்றில் ஒன்று.

திட்டம் முடிந்தபின் தொகுப்பு என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. இலவசத் தளம் மூடப்படும், கடவுச்சொல் தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிப் போவார். 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்கள் கொண்ட அதன் தொகுப்பில் பெரும்பகுதி அழிந்தது. உடனே அந்நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் அருங்காட்சியகவியல் மாணவர்கள், அங்கே படம் எடுத்திருந்த எவரும் அவற்றை அனுப்பிவைக்குமாறு பொதுமக்களிடம் வேண்டினார்கள். பார்வையாளர் எவரோ பொழுதுபோக்காக எடுத்த படமே சில பொருள்களுக்கு மிச்சமாகக்கூடிய நிலை. எனவே மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று இணையத்தில், ஒன்று பள்ளிக் கணினியில், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கும் வன்தட்டில். விரிதாளை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய உரை வடிவிலும் ஒரு முறை சேமித்துக்கொள்ளுங்கள். விடை கிடைக்காமல் போன கேள்விகளைத் தனித் தாளில் எழுதி, பிரதிகளோடு சேர்த்து அடுத்த ஆண்டு வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். புதிய மாணவர்கள் பொருள் தேடி அலையாமல் முதல் வாரமே அவற்றிலிருந்து தொடங்கலாம்.